அறை வெப்பநிலை வாயு உணரி: ஆக்ஸைடு மென்படலத்தை எந்த வழியில் மேம்படுத்துவது?

டர்பனிலும் பிரிட்டோரியாவிலும் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. அவர்களில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்காக வந்தவர்களும் உண்டு. ஸ்ப்ரே பைராலிசிஸ் முறையில், அதாவது கரைசலைச் சூடான தகட்டின் மேல் தெளித்து, துத்தநாக ஆக்ஸைடோ வெள்ளீய ஆக்ஸைடோ மென்படலமாகப் படியவைத்தாயிற்று; வாயு பட்டால் அதன் மின்தடை மாறும். 300 டிகிரியில் உணரி நன்றாக வேலை செய்கிறது. அதை அறை வெப்பநிலைக்கு இறக்க வேண்டும். பல்லேடியம் தூவுவதா, புற ஊதா ஒளி பாய்ச்சுவதா, செப்பு ஆக்ஸைடு சேர்த்துப் பி-என் சந்தி (இருவகைக் குறைக்கடத்திகள் சந்திக்கும் இடம்) அமைப்பதா, கார்பனின் மெல்லிய தாளான கிராஃபீனைக் கலப்பதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டுரையும் தன் வழியே சிறந்தது என்று ஒரு துலங்கல் எண்ணை (வாயு பட்டதும் மின்தடை எத்தனை மடங்கு மாறியது என்பதை) காட்டி முடிகிறது. அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க இயலாது என்பதே என் கருத்து. எந்த வாயு, அது படலத்தை விட்டு எவ்வளவு நேரத்தில் விலகுகிறது, காற்றிலுள்ள நீராவி அதற்கிடையில் என்ன செய்கிறது என்னும் மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் வாயுவும் அதன் செறிவும். "வாயு உணரி" என்று பொதுவாகத் தொடங்கும் திட்டம் பெரும்பாலும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் காற்றுத்தர வரம்பின்படி நைட்ரஜன் டைஆக்ஸைடு ஒரு மணிநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 106 பிபிபி (நூறு கோடியில் 106 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 24 மணிநேரச் சராசரிக்கு 25 மைக்ரோகிராம் என்கிறது, அது 13 பிபிபிதான். டர்பனின் மெரிபேங்க் போன்ற ஆலைப்புறக் குடியிருப்பில் காற்றை அளக்க விரும்புகிறவருக்கு இந்த எண்கள்தான் இலக்கு. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் தொழிலாளியின் சட்டைப்பையில் வைக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எச்சரிக்கைக் கருவிக்கு இலக்கு முற்றிலும் வேறு: 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் அந்த வாயு உயிருக்கு உடனடி ஆபத்து, அதே அளவில் மூக்கு அதன் வாடையை உணரும் திறனையும் இழந்துவிடுகிறது. முன்னதற்கு நுட்பம் வேண்டும், பின்னதற்கு வேகம் வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் மீட்சி, அதாவது வாயு போன பின் படலம் பழைய நிலைக்குத் திரும்புவது. இதில்தான் அறை வெப்பநிலை உணரிகள் தோற்கின்றன. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு மூலக்கூறு 1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு படலத்தின் மேல் ஒட்டியிருக்கிறது என்றும், அதன் அதிர்வுக் காலம் 10⁻¹³ நொடி என்றும் கொள்வோம். 300 டிகிரி செல்சியஸில் அது சராசரியாக நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரமே தங்கும். 25 டிகிரியில் தங்கும் நேரம் ஏறத்தாழ இரண்டேகால் மணி. டர்பனின் கோடையில் 30 டிகிரி என்றால் சுமார் 70 நிமிடம்; உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டின் குளிர்கால இரவில் 5 டிகிரி என்றால் ஒன்றரை நாள். படலமும் வாயுவும் மாறவில்லை. "அறை வெப்பநிலை" என்று நாம் அழைப்பது மட்டும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் 25 டிகிரியில் எடுத்த மீட்சி நேரத்தை மட்டும் தரும் கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

மூன்றாவது நீர். ஆக்ஸைடுப் பரப்பில் ஒட்டும் நீர் மூலக்கூறுகள் 150 முதல் 200 டிகிரிக்குள் பெருமளவு விலகிவிடுகின்றன. வேதிப்பிணைப்பால் ஒட்டிய ஹைட்ராக்ஸில் தொகுதிகள் அதற்கும் மேல் தாக்குப்பிடிக்கின்றன. சூடேற்றாத படலத்தின் மேல் அவை எப்போதும் இருக்கும். கடலோர ஈரப்பதத்தில் நீர் பல அடுக்குகளாகப் படிந்து, புரோட்டான்கள் அடுக்கின் வழியே கைமாறி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும்; அப்போது நாம் அளப்பது குறைக்கடத்தியின் மின்தடையை அல்ல, ஈரத்தின் மின்தடையை. அம்மோனியாவில் இந்த மயக்கம் மிகுதி, ஏனெனில் அது நீரடுக்கில் கரைந்து அயனியாகிவிடுகிறது. "அறை வெப்பநிலையில் அம்மோனியாவுக்குச் சிறந்த துலங்கல்" என்று கிடைக்கும் முடிவுகளில் ஒரு பகுதி இந்த ஈர அடுக்கின் வேலைதான். ஈரப்பதம் குறைந்தால் துலங்கலும் குறையும்.

நான்காவது, படலத்தின் மின்தடையை நம் சுற்றால் அளக்க முடியுமா என்பது. வெள்ளீய ஆக்ஸைடுப் படலம் அறை வெப்பநிலையில் பல மெகா ஓமிலிருந்து கிகா ஓம் வரை போகக்கூடும். உப்புக்காற்றில் வைத்த சுற்றுப்பலகையின் பரப்பிலேயே அந்த அளவுக்கு மின்கசிவு இருக்கும் என்பதால், மின்முனைகளைச் சுற்றிக் காப்பு வளையம் அமைப்பதும் பலகைக்கு மேற்பூச்சு இடுவதும் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டிய செலவுகள்.

ஐந்தாவது மின்திறன். இதைப் பலர் முதலில் வைக்கிறார்கள். லோட்ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நாட்டில் அது இயல்புதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால், 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் மின்கலத்தில் 7.4 வாட்-மணி ஆற்றல் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எம்க்யூ வகை உணரியின் சூடேற்றி ஏறத்தாழ 0.8 வாட் எடுப்பதால், அந்த மின்கலம் ஒன்பது மணிநேரத்தில் தீர்ந்துவிடும். ஆறாவதும் கடைசியுமான அளவுகோல், ஒரே செய்முறையில் செய்த பத்துப் படலங்களும் ஒன்றுபோல இருக்குமா என்பது. ஆய்வேட்டுக்கு ஒரு நல்ல படலம் போதும், கருவிக்குப் போதாது.

அடித்தளம்: துகளின் அளவும் எலக்ட்ரான் அடர்த்தியும்

இது தனி வழி அல்ல. எந்த வழியை எடுத்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஆக்ஸிஜன் மூலக்கூறு பரப்பில் ஒட்டும்போது படலத்திலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, பரப்பின் அடியில் இயக்கமில்லாப் பகுதியை (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அற்ற பகுதியை) உண்டாக்குகிறது. வாயு வந்து அந்த நிலையைக் கலைக்கும்போது மின்தடை மாறுகிறது. ஜப்பானில் யமசோயேயின் குழு, வெள்ளீய ஆக்ஸைடுத் துகளின் விட்டம் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது உணர்திறன் திடீரென உயர்வதைக் காட்டியது. துகள் முழுவதுமே அந்தப் பகுதியாகிவிடுவதே காரணம்.

இங்கே ஒரு பொதுவான பொறி உண்டு. சூரிய மின்கலத்துக்காக ஒளிபுகும் மின்முனை செய்துகொண்டிருந்த ஆய்வகம், அதே ஃப்ளூரின் கலந்த வெள்ளீய ஆக்ஸைடுச் செய்முறையை உணரிக்கும் எடுத்துக்கொள்கிறது. ஃப்ளூரின் எலக்ட்ரான் அடர்த்தியை மிக உயர்த்துவதால் இயக்கமில்லாப் பகுதி மெலிந்துபோகிறது. கடத்துவதற்கு அருமையான அந்தப் படலம் உணர்வதற்கு உதவாது.

பல்லேடியம், பிளாட்டினம் தூவுதல்

உலகின் பிளாட்டினச் சுரங்க உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் தென்னாப்பிரிக்காவினுடையது. பல்லேடியத்தில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம். ருஸ்டென்பர்க் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகம் டர்பன் ஆய்வகத்துக்கு ஸ்பட்டரிங் (வெற்றிடத்தில் உலோக அணுக்களைத் தட்டிலிருந்து சிதறவைத்துப் பூசும் முறை) இலக்குத் தட்டாக வெளிநாட்டிலிருந்து வந்து சேர்கிறது என்பது வேறு கதை. படலத்தின் மேல் இடுவது இரண்டு மூன்று நானோமீட்டர் தடிமன்தான் என்பதால் உலோகத்தின் விலை பெரிய செலவே அல்ல. தட்டும் வெற்றிடக் கருவியும் அதை இயக்கக் கிடைக்கும் நேரமும்தான் செலவு.

பல்லேடியத் துகள் ஹைட்ரஜன் மூலக்கூறை அறை வெப்பநிலையிலேயே அணுக்களாகப் பிளக்கிறது. அந்த அணுக்கள் ஆக்ஸைடின் மேல் வழிந்து ஒட்டியிருக்கும் ஆக்ஸிஜனோடு வினைபுரிகின்றன. உலோகமும் ஹைட்ரஜனை உள்வாங்கித் தன் வெளியேற்று ஆற்றலை மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஹைட்ரஜனுக்கு, காற்றில் 4 சதவீதம் என்னும் வெடிப்பு வரம்புக்கு வெகு கீழே எச்சரிக்கை கேட்பவருக்கு, இந்த வழிக்கு இணை இல்லை. பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் பேசப்படும் நாட்டில் இது வெறும் ஆய்வக ஆர்வமும் அல்ல.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஹைட்ரஜன் ஒன்றிரண்டு சதவீதத்தை எட்டும்போது தூய பல்லேடியம் வேறு ஹைட்ரைடு நிலைக்கு மாறிக் கனஅளவில் விரிகிறது. ஏறும்போது ஒரு வளைகோடு, இறங்கும்போது வேறு வளைகோடு என்று அளவீடு பிசகுகிறது, மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் படலம் விரிசல் விடுகிறது. நிக்கலையோ வெள்ளியையோ கலந்த உலோகக்கலவை இதைத் தணிக்கும். இரண்டாவது, கார்பன் மோனாக்ஸைடு தாழ்ந்த வெப்பநிலையில் இவ்வுலோகங்களின் மேல் இறுக ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடமில்லாமல் செய்யும். மூன்றாவது கந்தகம்: ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள காற்று வினையூக்கியை நச்சாக்கிவிடும், சூடேற்றி இல்லாத கருவியில் அதை எரித்துப் போக்கவும் வழியில்லை. சுத்திகரிப்பு ஆலைக்கும் காகித ஆலைக்கும் அருகே வைக்கப்போகும் கருவிக்குப் பல்லேடியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒளியூட்டல்

வெப்பம் செய்யும் வேலையை ஒளியைக் கொண்டு செய்விப்பது இந்த வழி. ஆற்றல் இடைவெளியை (பொருளில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றலை) தாண்டும் ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானையும், அது விட்டுச்சென்ற நேர்மின் காலியிடமான ஒரு துளையையும் பிறப்பிக்கிறது. துளை பரப்புக்கு வந்து, இறுக ஒட்டியிருக்கும் ஆக்ஸிஜன் அயனியின் மின்னூட்டத்தை நடுநிலையாக்கி அதை விடுவிக்கிறது. அந்த இடத்தில் தளர்வாக ஒட்டிய, எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் அமர்கிறது. நைட்ரஜன் டைஆக்ஸைடு போன்ற வாயு விலகுவதும் விரைவாகிறது. மேலே கணக்கிட்ட மணிக்கணக்கான காத்திருப்பை நிமிடங்களாகக் குறைக்கும் வழி இது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய மிகையாகாது. கூடுதல் நன்மையாகப் படலத்தின் மின்தடையும் இறங்கி, அளவிடும் சுற்று எளிதாகிறது.

எந்த ஆக்ஸைடுக்கு எந்த விளக்கு என்பதில் நிறையச் சேமிக்கலாம். துத்தநாக ஆக்ஸைடின் இடைவெளி 3.37 எலக்ட்ரான் வோல்ட், அதற்கு 368 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட ஒளி வேண்டும். 365 நானோமீட்டர் எல்இடி சரியாகப் பொருந்தும். வெள்ளீய ஆக்ஸைடுக்கு 3.6 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 344 நானோமீட்டர். அந்த அலைநீளத்தில் எல்இடியின் விலை ஏறுகிறது, திறன் குறைகிறது. டங்ஸ்டன் ஆக்ஸைடின் இடைவெளி 2.6 முதல் 2.8 வரைதான் என்பதால் சாதாரண நீல எல்இடியே அதன் விளிம்பைத் தொட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர், இலக்கு நைட்ரஜன் டைஆக்ஸைடு என்றால், டங்ஸ்டன் ஆக்ஸைடையும் நீல விளக்கையும் முதலில் முயன்று பார்ப்பது நல்லது. ஏற்கெனவே துத்தநாக ஆக்ஸைடு கையில் இருப்பவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. படலத்தின் குறைகளாலும் ஆக்ஸிஜன் காலியிடங்களாலும் 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கும் அது ஓரளவு துலங்கும்.

இனி எதிர்ப்பக்கம். ஒளி கூடக் கூட உணர்திறன் கூடிக்கொண்டே போகாது. ஓர் எல்லைக்கு மேல் ஒளி வாயுவையே படலத்திலிருந்து விரட்டத் தொடங்கி உணர்திறன் சரியும். அந்த உச்சப் புள்ளியைக் கண்டறிய விளக்கின் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். விளக்கு முதுமையடைந்து மங்கினால் உச்சப் புள்ளியிலிருந்து நழுவிவிடுவோம், அடிநிலை மின்தடையும் நகரும். ஆகவே ஒளிச்செறிவைக் கண்காணிக்க ஓர் ஒளி டயோடு தேவைப்படும், அது விலைப்பட்டியலில் யாரும் எழுதாத உருப்படி. துத்தநாக ஆக்ஸைடில் விளக்கை அணைத்த பின்னும் ஒளிக்கடத்தல் மணிக்கணக்கில் நீடிக்கும் என்பதால், விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும் முறையில் நிலையான அடிக்கோட்டை எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஒளித்துடிப்பிலும் மின்தடை மாறும் வேகத்தை அளப்பதே முறை. துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் ஆக்ஸைடும் புற ஊதா ஒளியில் நீரை மேலும் விரும்பும் பரப்பாக மாறுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. ஒளி ஈரத்தை ஓட்டிவிடும் என்று சிலர் எழுதுவது முழு உண்மை அல்ல.

மின்திறனிலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 365 நானோமீட்டர் எல்இடி 10 மில்லி ஆம்பியரில் சுமார் 35 மில்லிவாட் எடுக்கும். மேற்சொன்ன மின்கலம் தொடர்ந்து எரித்தால் ஒன்பது நாள் வரும், பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரித்தால் ஏறத்தாழ மூன்று மாதம் வரும். எம்க்யூ உணரியோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம்தான். ஆனால் நுண்சூடேற்றித் தகடுகளோடு ஒப்பிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பி-என் சந்தி: செப்பு ஆக்ஸைடு, நிக்கல் ஆக்ஸைடு சேர்த்தல்

எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தைச் சுமக்கும் என் வகை ஆக்ஸைடின் மேல், துளைகள் சுமக்கும் பி வகை ஆக்ஸைடைத் தீவுகளாகப் படியவைத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து மற்றோர் இயக்கமில்லாப் பகுதி, அதாவது மின்னோட்டத்துக்கு ஒரு தடுப்பு, உண்டாகிறது. வாயு அந்தத் தடுப்பின் உயரத்தை மாற்றும்போது மின்னோட்டம் பன்மடங்கு மாறுகிறது. விளக்கோ விலையுயர்ந்த உலோகமோ தேவையில்லை. வெற்றிடக் கருவி இல்லாத ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டைச் செப்பு உப்புக் கரைசலிலும் நீரிலும் மாறி மாறி முக்கியெடுத்தே செய்துவிடலாம் என்பது இதன் பெரிய ஈர்ப்பு.

இந்த வழியின் உச்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கான செப்பு ஆக்ஸைடு–வெள்ளீய ஆக்ஸைடு இணை. செப்பு ஆக்ஸைடு அந்த வாயுவோடு வினைபுரிந்து, உலோகம்போலக் கடத்தும் செப்பு சல்ஃபைடாகிறது. சந்தியின் தடுப்பு இடிந்து மின்தடை பல மடங்கு சரிகிறது. வேறு வாயுக்கள் இந்த வினையைச் செய்யாததால் தெரிவுத்திறன் தானாகவே கிடைக்கிறது. குறை என்னவென்றால், அறை வெப்பநிலையில் சல்ஃபைடு மீண்டும் ஆக்ஸைடாகாது. அதைத் திருப்ப 200 டிகிரியைத் தாண்டிச் சில நிமிடமாவது சூடேற்ற வேண்டும். ஆகவே இது தொடர்ந்து அளக்கும் கருவி அல்ல, ஒருமுறை அலறி எச்சரிக்கும் கருவி. குழிக்குள் இறங்குபவருக்கு அது போதும், சொல்லப்போனால் அதுவே தேவை: காத்திருக்கும் நேரமெல்லாம் மின்திறன் மைக்ரோவாட் அளவில்தான் செலவாகும், அலறிய பின் மேலே கொண்டுவந்து மின்னிணைப்பில் மாட்டிச் சூடேற்றிப் புதுப்பிக்கலாம். 2023 ஜூலையில் போக்ஸ்பர்க் அருகே ஏஞ்செலோ குடியிருப்பில், சட்டவிரோதத் தங்கப் பிரிப்பில் பயன்படுத்திய சிலிண்டரிலிருந்து வாயு கசிந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே கசிந்தது வேறு வாயு என்றாலும், அத்தகைய இடங்களுக்கு வேண்டியது தசம இலக்கத் துல்லியமல்ல, முதல் நிமிடத்தில் எழும் ஒலி.

இங்கே மின்முனைப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிப் பசையில் மின்முனை இட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளியே அந்த வாயுவில் கறுத்துச் சல்ஃபைடாகிவிடுவதால், படலம் உணர்ந்ததா மின்முனை உணர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. தங்க மின்முனைதான் வேண்டும்.

பிற வாயுக்களுக்கு இந்த வழி அவ்வளவு தெளிவானதல்ல. பி வகையும் என் வகையும் ஒரே வாயுவுக்கு எதிரெதிர்த் திசையில் துலங்குபவை. கலவை விகிதம் எல்லைக்கோட்டை ஒட்டி அமைந்துவிட்டால், செறிவு கூடும்போதோ வெப்பநிலை மாறும்போதோ துலங்கலின் திசையே தலைகீழாகும். பதப்படுத்தும் சூட்டில் செம்பு துத்தநாக ஆக்ஸைடுக்குள் ஊடுருவிச் சந்தியை மழுங்கடிப்பதும் உண்டு. பத்துப் படலம் ஒன்றுபோல வர வேண்டும் என்னும் அளவுகோலில் இந்த வழி மிகவும் தடுமாறுகிறது.

கிராஃபீன், நானோகுழாய் கலத்தல்

கார்பன் நானோகுழாய் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் டைஆக்ஸைடையும் அம்மோனியாவையும் உணரும் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2000இல் காட்டியது முதல் இந்தப் பாதையில் நெரிசல் குறையவில்லை. ஒடுக்கிய கிராஃபீன் ஆக்ஸைடை வெள்ளீய ஆக்ஸைடு நானோதுகள்களோடு கலந்தால் மின்தடை கிலோ ஓமுக்கு இறங்கிவிடும், மலிவான சுற்றே போதும். நெகிழித் தாளின் மேலும் துணியின் மேலும் அச்சிடலாம்.

ஆனால் வாயு விலகும் நேரம் என்னும் அடிப்படைச் சிக்கலை கார்பன் தீர்ப்பதில்லை. பல கட்டுரைகளில் மீட்சிக்கென்று புற ஊதா விளக்கையோ சிறு சூட்டையோ சேர்த்திருப்பார்கள். தலைப்பில் அது இராது. ஒடுக்கலுக்குப் பின்னும் எஞ்சும் ஆக்ஸிஜன் தொகுதிகள் ஈரத்தை ஈர்க்கின்றன. எவ்வளவு எஞ்சும் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவதால், ஜனவரியில் செய்த மையும் ஜூலையில் செய்த மையும் ஒன்றுபோல இரா. அடர் கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சேர்க்கும் ஹம்மர்ஸ் முறை கவனக்குறைவில் வெடிக்கக்கூடியது. கலந்த பின் காற்றில் 400 டிகிரிக்கு மேல் பதப்படுத்தினால் கார்பனே எரியத் தொடங்கும், ஆகவே ஆக்ஸைடின் படிகத்தரத்தை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும். வளையும் உணரி, அணியும் உணரி என்பதே திட்டத்தின் உயிர் என்றால் இதை எடுக்கலாம். இல்லையேல் இதற்குச் செலவிடும் ஆண்டு ஒளியூட்டலில் கூடுதல் பலன் தரும்.

சூடேற்றியையே வைத்துக்கொள்ளுதல்

கேட்ட கேள்வியில் இந்த வழி இல்லை. ஆனால் ஒப்பீட்டிலிருந்து இதை விலக்கினால் நேர்மையாகாது. சிலிக்கானில் செதுக்கிய நுண்சூடேற்றித் தகடு 20 மில்லிவாட்டில் 300 டிகிரியை எட்டிவிடுகிறது, அதுவும் மில்லி நொடிக் கணக்கில். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் இயக்கினால் சராசரி 0.2 மில்லிவாட், அப்படிப் பார்த்தால் ஒளியூட்டலைவிடக் குறைவு. நீர் விலகுகிறது, மீட்சி உடனடி, குளிர்கால இரவின் சிக்கலும் இல்லை.

அப்படியென்றால் அறை வெப்பநிலை எதற்கு? வலுவான காரணங்கள் இருக்கின்றன. நுண்தகடு செய்யும் வசதி நம் பல்கலைக்கழகங்களில் அரிது, வாங்கிய சில்லின் மேல் நம் படலத்தை இடுவதும் எளிதல்ல. எரிவாயு சூழ்ந்த இடத்தில் சூடான பரப்பு வைக்கத் தனிப் பாதுகாப்பு உறை வேண்டும். நெடுங்காலச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி உணர்திறன் குறையும். இவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் அறை வெப்பநிலைப் பாதையில் செல்லுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பது மட்டுமே காரணமென்றால் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இன்னொரு போட்டியாளர், வாயுவின் வேதிவினை தரும் மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதிக் கலம். அது ஏற்கெனவே அறை வெப்பநிலையில், ஏறக்குறைய மின்செலவே இல்லாமல் இயங்குகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு அதை வெல்வது கடினம். இரண்டு மூன்று ஆண்டில் ஆயுள் முடிவதும், உள்நாட்டுக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் மின்பகுளி உலர்ந்துபோவதும் அதன் பலவீனங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் வாயு | மீட்சி | ஈரப்பதம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பல்லேடியம் தூவல் | ஹைட்ரஜன் | நிமிடங்கள் | நடுத்தரத் தொல்லை | வெற்றிடக் கருவி நேரம், கந்தக நச்சு |
| ஒளியூட்டல் | நைட்ரஜன் டைஆக்ஸைடு | நிமிடங்கள் | தொல்லை உண்டு, திருத்த இயலும் | ஒளிக் கண்காணிப்பு, விளக்கின் முதுமை |
| பி-என் சந்தி | ஹைட்ரஜன் சல்ஃபைடு | சூடேற்றினால் மட்டும் | எச்சரிக்கைக்குத் தடையில்லை | தங்க மின்முனை, புதுப்பிக்கும் அடுப்பு |
| கிராஃபீன் கலவை | நைட்ரஜன் டைஆக்ஸைடு, அம்மோனியா | மிக மெதுவு | கடுந்தொல்லை | ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி அளவுத்திருத்தம் |
| நுண்சூடேற்றி | பெரும்பாலானவை | நொடிகள் | குறைவு | சில்லு இறக்குமதி |

அட்டவணையில் அடங்காதவை

மீத்தேனைப் பட்டியலில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். ம்புமலாங்கா மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்கங்களை மனத்தில் வைத்துச் சிலர் மீத்தேனையே கேட்கிறார்கள். மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு மிக உறுதியானது; சூடில்லாத ஆக்ஸைடுப் பரப்பு அதை உடைப்பதில்லை. சுரங்கங்களில் வினையூக்கி மணி உணரிகளும் (சூடான வினையூக்கியில் வாயுவை எரித்து அளப்பவை) அகச்சிவப்பு உணரிகளும் அந்த வேலையைச் செய்துவருகின்றன, இந்த மென்படலத்தால் அவற்றை மாற்ற முடியும் என்று ஆய்வு முன்மொழிவில் எழுத வேண்டாம். டர்பன் தென்பகுதியில் மக்கள் நெடுங்காலமாகக் குறைசொல்லிவந்த கந்தக டைஆக்ஸைடும் அப்படியே: அது பரப்பில் சல்ஃபேட்டாகி நிலைத்துவிடுவதால் மேற்சொன்ன எந்த வழியும் நம்பத்தக்க அறை வெப்பநிலை உணரியைத் தருவதில்லை.

ஊர் மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே காற்றழுத்தமும், அதோடு ஆக்ஸிஜனின் பகுதியழுத்தமும், டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆக்ஸிஜனைக் கொண்டு அடிநிலையை வகுத்துக்கொள்ளும் படலம் அங்கே வேறு அடிநிலையில் நிற்கும், ஈரப்பதமும் பாதியாகலாம். டர்பனில் செய்த அளவுத்திருத்தத்தை அப்படியே அங்கே எடுத்துச்செல்ல முடியாது.

மெரிபேங்க் வீட்டுக் கூரையில் நைட்ரஜன் டைஆக்ஸைடு அளக்க விரும்பும் மாணவருக்கு என் விடை ஒளியூட்டிய டங்ஸ்டன் ஆக்ஸைடு அல்லது துத்தநாக ஆக்ஸைடு. கூடவே அதே தகட்டில் ஒளிபடாத, மூடிய இரண்டாவது படலம் ஒன்றும், தனி ஈரப்பத உணரி ஒன்றும். கழிவுநீர்ப் பணியாளர்களுக்குக் கருவி செய்ய நினைப்பவருக்குச் செப்பு ஆக்ஸைடு–வெள்ளீய ஆக்ஸைடு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், சோதனை வாயு சிலிண்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன், படலத்தை வாயு எதுவும் காட்டாமல் திறந்த சன்னலருகே ஒரு வாரம் வைத்து, மின்தடையையும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவுசெய்யுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஈரம் மட்டும் உண்டாக்கிய மின்தடை மாற்றம், நீங்கள் பிடிக்க விரும்பும் வாயு தரும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்தால், சிலிண்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் படலத்துக்குத் திரும்புவதே முறை.